கடலடியில் ஒரு பெயரைத் தேடி

1944 பெப்ரவரி 25ஆம் திகதி ‘ஸ்டோன்ஹெஞ்ச்’ என்னும் பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. மலாக்கா நீரிணையின் வட பகுதியில் ரோந்து செல்வது அதன் பணி. மார்ச் 20ஆம் திகதி அது திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அதே ஆண்டு நவம்பரில் திருகோணமலையிலிருந்து போன ‘ஸ்ட்ராடஜம்’ மூழ்கடிக்கப்பட்டது. 1945 ஜனவரியில் பினாங்குக்கு அருகே கண்ணிவெடிகளை இடச் சென்ற ‘போர்பொய்ஸ்’ கப்பலும் திரும்பி வரவில்லை.

இரண்டாம் உலக மகா யுத்தத்தில் நமது திருகோணமலை ஒரு பெரிய நீர்மூழ்கித் தளமாக இருந்தது என்பதை வரலாற்றுப் பாடத்தில் ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அந்த வரிக்குப் பின்னால் வீடு திரும்பாத பல மனிதர்கள் இருக்கிறார்கள். எண்பது ஆண்டுகளுக்குப் பின் கடலடியில் துருப்பிடித்த ஓர் உருக்கு உடலை யாராவது கண்டால், அது எந்தக் கப்பல் என்று எப்படிச் சொல்வது? ஒரு சில புகைப்படங்களை வைத்து அதன் பெயரைக் கண்டுபிடிக்க முடியுமா? இதைத்தான் இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

கடலைப் பார்க்க மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் போகவேண்டிய கினிகத்தேனையில் இருந்துகொண்டு இவளுக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வாப்பாவிடம் வாகன உதிரிப்பாகக் கடை இருக்கிறது. தோட்டத்து லொறிச் சாரதிகள் உடைந்த, துருவேறிய, எழுத்து அழிந்துபோன பாகங்களைக் கொண்டுவந்து, “நானா, இது எந்த வண்டிக்குரியது?” என்று கேட்பார்கள். வாப்பா உடனே பெயர் சொல்லமாட்டார். முதலில் அழுக்கைத் துடைப்பார். வேணியர் இடுக்கியால் விட்டத்தை அளப்பார். துளைகளை எண்ணுவார். பிறகு எண்ணெய்க் கறை படிந்த பழைய விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டுவார். கடைசியில்தான் பெயர் வரும். கடலடிக் கப்பலுக்குப் பெயர் கண்டுபிடிக்கும் முறையும் ஏறத்தாழ இதுதான். அளவு, அமைப்பு, ஆவணம் என்ற மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

பெயர்ப்பலகை இல்லாத கப்பல்

சாதாரணக் கப்பல் என்றால் முகப்பிலும் பின்புறத்திலும் பெயர் இருக்கும். போர்க்கால நீர்மூழ்கிக்கு அந்த வசதி கிடையாது. எதிரி அடையாளம் காணக்கூடாது என்பதற்காக வெளியே தெரியும் இலக்கங்களைப் பூச்சுப் பூசி மறைத்தார்கள். அத்துடன் ஒரே வரைபடத்தை வைத்துப் பல கப்பல்களைக் கட்டினார்கள். ஆகவே ஒரு நீர்மூழ்கிக்கும் அதன் ‘சகோதரிக்’ கப்பலுக்கும் உள்ள வித்தியாசம், இரட்டைப் பிள்ளைகளுக்கு இடையிலான வித்தியாசம் போன்றது.

கடலும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் மறைக்கிறது. நீர்மூழ்கிக்குப் பெரும்பாலும் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே இருக்கும் மெல்லிய தகட்டு உறை முதலில் அரித்துப் போய்விடும். நீரழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்ட தடித்த உள் உடல் நீண்ட காலம் நிற்கும். அதன்மேல் சிப்பிகளும் பவளமும் வளரும். மீன்பிடி வலைகள் சிக்கிப் போர்வையாக மூடிவிடும். எஞ்சியிருப்பவை பெரும்பாலும் கோபுரம், பீரங்கி, டோர்பிடோக் குழாய்களின் வாய்கள், ஆட்கள் ஏறி இறங்கும் வாயில் மூடிகள், கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளைகள், பின்புறச் சுழல்விசிறிகள் ஆகியவையே.

எஞ்சியவற்றை வைத்து இல்லாததை அறிவது நம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரிகின்றன. புதிதாகப் பார்ப்பவருக்கு அவை வெறும் கற்சுவர்கள். அத்திவாரத்தின் வடிவம், அது நோக்கும் திசை, பழைய பாதையிலிருந்து அதன் தூரம் ஆகியவற்றை அறிந்தவருக்கு அவை இன்னும் ஒரு நகரம்.

ஒலியால் தேடி ஒளியால் பார்த்தல்

ஆழ்கடலில் ஒளி அதிக தூரம் செல்லாது. எனவே முதலில் தேடுவது ஒலியால். படகிலிருந்து அனுப்பும் ஒலித்துடிப்பு அடித்தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கும் கருவியே சோனார். கடல்நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு சுமார் 1500 மீற்றர். 82 மீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 164 மீற்றர். அதற்கு எடுக்கும் நேரம் சுமார் 0.11 செக்கன். பக்கவாட்டில் வருடும் சோனார், அடித்தரையில் கிடக்கும் பொருளையும் அதன் பின்னால் விழும் ‘ஒலி நிழலையும்’ படமாக வரைகிறது. நீண்டு, இரு முனையும் ஒடுங்கி, நடுவில் ஒரு மேடு இருந்தால் அது நீர்மூழ்கியாக இருக்கலாம். இந்தக் கட்டத்தில் ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்ல முடியாது.

பிறகு சுழியோடிகள் கமெராவுடன் இறங்குகிறார்கள். நீரில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 82 மீற்றரில் மொத்த அழுத்தம் நாம் தரையில் உணர்வதைப் போல் ஒன்பது மடங்கு. அங்கே சில நிமிடங்கள் வேலைசெய்து விட்டு, உடம்பில் கரைந்த வாயுக்கள் மெல்ல வெளியேறும்படி மணிக்கணக்கில் படிப்படியாக மேலே வரவேண்டும். ஆகையால் எடுக்கும் ஒவ்வொரு படமும் விலைமதிப்புள்ளது.

அந்தப் படத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. நீர் சிவப்பு நிறத்தை முதலில் உறிஞ்சிவிடும். ஆழத்தில் எல்லாமே நீலப்பச்சையாகத் தெரியும். நீரின் முறிவுச்சுட்டி சுமார் 1.33 என்பது நாம் பௌதிகவியலில் படித்ததுதான். அதனால் தட்டையான கண்ணாடிக்குள்ளிருந்து பார்க்கும்போது பொருட்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தோன்றும். ஆகவே அளவு தெரிந்த ஒரு கோலை அருகில் வைத்துப் படமெடுப்பார்கள். விளக்கொளி சில மீற்றருக்கு மேல் எட்டாததால் முழுக் கப்பலும் ஒரே படத்தில் விழாது. ஒன்றன்மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுத்து, கணினியில் இணைத்து முப்பரிமாண உருவமாக்கும் முறையும் இப்போது உண்டு.

‘கிரனேடியர்’ கண்டுபிடிக்கப்பட்ட கதை

இம்முறைக்கு நல்ல உதாரணம் ‘கிரனேடியர்’ என்னும் அமெரிக்க நீர்மூழ்கி. 1943 ஏப்ரல் 21ஆம் திகதி மலாக்கா நீரிணையின் வாயிலருகே யப்பானிய விமானம் ஒன்று அதன்மேல் குண்டு போட்டது. கப்பல் அடித்தரையில் போய்த் தட்டியது. உள்ளே தீ. மாலுமிகள் பகல் முழுவதும் போராடி, இரவில் கப்பலை மேலே கொண்டுவந்தார்கள். ஆனால் சுழல்விசிறித் தண்டுகளை இயக்க முடியவில்லை. கரையை அடைவதற்காகப் பாய் கட்டிப் பார்த்தார்கள்; அதுவும் பலிக்கவில்லை. மறுநாள் காலை, எதிரி கையில் கப்பல் அகப்படக்கூடாது என்று தளபதி ஜோன் ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைத் தாமாகவே மூழ்கடிக்கச் செய்தார். இருந்த 76 பேரும் உயிருடன் வெளியேறிச் சிறைப்பட்டனர். அவர்களில் நால்வர் சிறைவாசத்தில் இறந்தனர்.

கப்பலோ 76 ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பென் ரேமனன்ட்ஸ் என்ற சுழியோடி அதைத் தேடினார். 2018இல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர்களை மீட்க உதவியவர்களில் அவரும் ஒருவர். அவர் மீனவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: “உங்கள் வலைகள் எங்கே சிக்கிக் கிழிகின்றன?” மீனவர்களின் நஷ்டம் தேடுபவருக்கு வழிகாட்டியானது. அவருடைய நண்பர் ஜீன் லூக் ரிவொயர் தம் படகிலிருந்து சோனார் மூலம் அந்த இடங்களைப் பார்வையிட்டார். புக்கெட் தீவுக்குத் தெற்கே சுமார் 150 கிலோமீற்றர் தூரத்தில், 82 மீற்றர் ஆழத்தில், எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய உருவம் ஒன்று கிடந்தது.

நால்வர் கொண்ட குழு 2019 ஒக்டோபருக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில் பலமுறை இறங்கியது. பெயர்ப்பலகை ஏதும் கிடைக்குமா என்று தேடினார்கள். அத்துடன் வாயில் மூடிகளையும் கயிற்று உருளைகளையும் நுணுக்கமாக அளந்து, கப்பல் கட்டிய காலத்து வரைபடங்களோடு ஒப்பிட்டார்கள். அளவுகள் பொருந்தின. 2020 செப்டெம்பரில் செய்தி உலகுக்குத் தெரிந்தது.

நாமே செய்து பார்ப்போம்

அந்த அளவுகள் ஏன் அவ்வளவு முக்கியம்? இதைப் புரிந்துகொள்ள நான் என் கொப்பியில் ஒரு பயிற்சி செய்து பார்த்தேன். யுத்தத்தின்போது மலாக்கா நீரிணையிலும் அதை அண்டியும் இழக்கப்பட்ட சில நீர்மூழ்கிகளை நீள வரிசையில் எழுதினேன். ஸ்டோன்ஹெஞ்சும் ஸ்ட்ராடஜமும் ஒரே வகை. சுமார் 66 மீற்றர். இத்தாலியில் கட்டப்பட்டு ஜெர்மனியர் பயன்படுத்திய ‘யூஐடி 23’ சுமார் 76 மீற்றர். போர்பொய்ஸ் சுமார் 88. கிரனேடியர் சுமார் 93.6. யப்பானின் ‘ஐ 166’ சுமார் 97.7. யப்பானின் ‘ஐ 34’ சுமார் 108.7 மீற்றர்.

இனி, ஒருவர் கடலடிப் படங்களிலிருந்து நீளம் 94 மீற்றர் என்று கணித்து நம்மிடம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்றையும் உடனே நீக்கிவிடலாம். ஐ 34உம் போய்விடும். ஆனால் கிரனேடியருக்கும் ஐ 166க்கும் வித்தியாசம் நாலு மீற்றர் அளவுதான், அதாவது நூற்றுக்கு நாலு வீதத்துக்குச் சற்று மேல். முனை உடைந்து, மணலில் புதைந்து கிடக்கும் உடலை அளக்கும்போது சதவீத வழு ஐந்தாக இருந்தால்? இரண்டையும் பிரிக்க முடியாது. போர்பொய்ஸ்கூட மீண்டும் சந்தேகப் பட்டியலுக்குள் வரப் பார்க்கும். பரிசோதனைகூடத்தில் வழுவை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் ஆசிரியை ஏன் புள்ளி குறைக்கிறார் என்பது எனக்கு இங்கேதான் நன்றாக விளங்கியது.

அப்போது அடுத்த அடையாளத்துக்குப் போகவேண்டும். கிரனேடியருக்கு முன்புறம் ஆறு, பின்புறம் நாலு டோர்பிடோக் குழாய்கள். ஐ 166க்கு முன்புறம் நாலு, பின்புறம் இரண்டு. போர்பொய்ஸுக்கு முன்புறம் ஆறு. ஆனால் அது கண்ணிவெடிக் கப்பல் ஆகையால் மேல் உறைக்குள் வெடிகளைப் பின்னோக்கித் தள்ளும் தண்டவாள அமைப்பு உண்டு. ஐ 34 வகையில் கோபுரத்துக்கு முன்னே சிறு விமானம் வைக்கும் அறையே இருக்கும். ஆகவே பின்புறத்தில் நாலு குழாய் வாய்களைத் தெளிவாகக் காட்டும் ஒரே ஒரு படம், முழு நீளத்தையும் மங்கலாகக் காட்டும் பத்துப் படங்களைவிடப் பெறுமதியானது. நல்ல படம் என்பது அழகான படம் அல்ல. இரண்டு விடைகளில் ஒன்றை நீக்க உதவும் படமே நல்ல படம்.

ஒரே துறைமுகம், இரண்டு கப்பல்கள்

நம் அயல்நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. இந்தியாவின் விசாகப்பட்டினத்துக்கு அப்பாலுள்ள கடலில் இரண்டு யுத்தங்களைச் சேர்ந்த இரண்டு நீர்மூழ்கிகள் மூழ்கின. முதலாவது யப்பானின் ‘ஆர்ஓ 110’. 1944 பெப்ரவரி 11ஆம் திகதி, கொழும்பிலிருந்து கல்கத்தா நோக்கிச் சென்ற கப்பல் தொடரை அது தாக்கியது. காவலுக்கு வந்த ‘ஜம்னா’ என்னும் இந்தியக் கப்பலும் இரண்டு அவுஸ்திரேலியக் கப்பல்களும் அதை மூழ்கடித்தன. இரண்டாவது பாகிஸ்தானின் ‘காஸி’. 1971 டிசம்பர் 3ஆம் திகதி நள்ளிரவையொட்டி அது மூழ்கியது. தங்கள் ‘ராஜ்புத்’ கப்பலே அதை அழித்தது என்கிறது இந்தியா. விபத்தாக நேர்ந்த வெடிப்பு என்கிறது பாகிஸ்தான். இரண்டு கப்பல்களிலும் ஒருவரும் தப்பவில்லை.

இவற்றைப் பிரித்தறிவது சுலபம். ஆர்ஓ 110 சுமார் 61 மீற்றர். பின்புறக் குழாய் கிடையாது. காஸியோ சுமார் 95 மீற்றர். முன்னே ஆறு, பின்னே நாலு குழாய்கள். இதில் இன்னொரு பாடமும் உண்டு. காஸி முதலில் ‘டியாப்லோ’ என்ற பெயரில் அமெரிக்கா 1944இல் நீரில் இறக்கிய கப்பல். அதற்கும் கிரனேடியருக்கும் நீள வித்தியாசம் ஒன்றரை மீற்றர்கூட இல்லை. குழாய்களும் அதே எண்ணிக்கை. படங்களை மட்டும் பார்த்தால் குழப்பம் வரலாம். இரண்டு இடங்களுக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 2000 கிலோமீற்றர் தூரமே சந்தேகத்தைத் தீர்க்கிறது. படம் எங்கே எடுக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாவிட்டால் படத்துக்குப் பாதி மதிப்புத்தான்.

ஆவணமும் தவறலாம்

1991இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சிக் கரைக்கு அப்பால், சுமார் 70 மீற்றர் ஆழத்தில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி கண்டுபிடிக்கப்பட்டது. அந்த இடத்தில் அப்படி ஒரு கப்பல் மூழ்கியதாக எந்த ஆவணத்திலும் இல்லை. ஜோன் சட்டர்ட்டன் என்ற சுழியோடி உள்ளேயிருந்து ஒரு கத்தியை எடுத்துவந்தார். அதன் பிடியில் ‘ஹோரன்பேர்க்’ என்ற பெயர் செதுக்கப்பட்டிருந்தது. அப்பெயருள்ள ஒருவர் ‘யூ 869’ கப்பலில் இருந்தார். ஆனால் அக்கப்பல் ஜிப்ரால்டர் பக்கம் மூழ்கியதாகவே ஆவணங்கள் சொல்லின. கத்தி கைமாறி வந்திருக்கலாம் அல்லவா? எனவே முடிவு சொல்லாமல் தேடலைத் தொடர்ந்தார்கள். அத்தேடலில் மூன்று சுழியோடிகள் உயிரிழந்தார்கள். 1997இல் உதிரிப்பாகப் பெட்டி ஒன்றில் இருந்த சிறு தகட்டில் கப்பலின் இலக்கம் கிடைத்தது. அது யூ 869தான். கத்தி சொன்னது சரி. ஆவணம் சொன்னது தவறு.

ஆறு ஆண்டுகள் அவர்கள் ‘இருக்கலாம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்ததை நான் மதிக்கிறேன். ஒரு நீர்மூழ்கிக்குள் ஐம்பது, அறுபது பேர் இருந்திருப்பார்கள். தவறான பெயரைச் சூட்டினால், ஐம்பது குடும்பங்கள் தங்களுடையதல்லாத இடத்தில் மலர் தூவும். வேறு ஐம்பது குடும்பங்களின் தேடல் நின்றுபோகும். ‘காணாமற்போனவர்’ என்ற சொல்லின் பாரத்தை இலங்கையரான நமக்கு வேறு யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கே, எப்படி என்று தெரியாமல் இருப்பது மரணச் செய்தியைவிடக் கொடியது. ஆகவே இங்கே அவசரப்பட்டுச் சொல்லும் பொய்யைப் போலவே, அவசரப்பட்டுச் சொல்லும் ஊகமும் பிறரைக் காயப்படுத்தும்.

தொடாமல் பார்த்தல்

பெயர் தெரிந்தபின் என்ன செய்வது? எங்கள் ஊர் மையவாடியைக் கடக்கும்போது ஸலாம் சொல்லிக் கடக்க வேண்டும், கப்றுகளை மிதிக்கக் கூடாது என்று உம்மும்மா சிறு வயதிலேயே சொல்லித் தந்தார். மாலுமிகளோடு மூழ்கிய கப்பலும் ஒரு மையவாடியே. 1986இல் பிரித்தானியாவும் 2004இல் அமெரிக்காவும் இத்தகைய எச்சங்களைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றின. இருந்தும் 2016இல் ஜாவாக் கடலில் நெதர்லாந்தின் சில போர்க்கப்பல்கள் கிடந்த இடத்தைப் பார்க்கப் போனவர்கள் அதிர்ந்து போனார்கள். இரும்புக்காக அவற்றைத் திருடர்கள் அள்ளிச் சென்றுவிட்டார்கள்; மணலில் பள்ளம் மட்டுமே இருந்தது.

இதனால்தான் புகைப்படம் முக்கியமாகிறது. பீரங்கியைக் கழற்றாமல், மணியை எடுத்துவராமல், உறங்குபவர்களைக் குழப்பாமல் கேள்விக்கு விடை தேடும் வழி அது. நாளை அந்த உடல் துருவாலோ திருட்டாலோ மறைந்தாலும் சாட்சி மிஞ்சும்.

கணிதமும் பௌதிகவியலும் படிக்கும் சகோதரிகள், முறிவுச்சுட்டியும் சதவீத வழுவும் பரீட்சைக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிட வேண்டாம். வரலாறு படிக்கும் சகோதரிகளும் பழைய பட்டியல்களைச் சலிப்போடு பார்க்க வேண்டாம். இரு பிரிவினரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் ஒரு கப்பலின் பெயர் வெளிவருகிறது.

கிரனேடியரின் மாலுமிகளைப் பினாங்குக்குக் கொண்டுபோய் அடைத்துவைத்த இடம் ஒரு பெண்கள் பாடசாலை, லைட் ஸ்ட்ரீட் கொன்வென்ட். தாங்கள் உயிரோடு இருப்பது வீட்டாருக்குத் தெரியாது என்பதை அறிந்த அம்மனிதர்கள், வகுப்பறைச் சுவரில் தங்கள் பெயர்களைக் கீறி வைத்தார்கள். யுத்தம் முடிந்து மாணவிகள் மீண்டும் அங்கே படிக்க வந்த பின்னும் அக்கீறல்கள் பேணப்பட்டன. ஸ்டோன்ஹெஞ்சில் போனவர்களுக்கு அப்படி ஒரு சுவர் கிடைக்கவில்லை. அவர்களுக்காக யாராவது ஒருவர் அளவுகோலோடும் கமெராவோடும் பொறுமையோடும் கடலுக்குள் இறங்கத்தான் வேண்டும்.